கல்லுக்கோயில் மணி தானாக அடித்த நாள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ, எங்கேயாவது வாய் வழுக்கி வேண்டாததைச் சொல்லிவிடுவோமோ என்று ரூபவதிக்குக் காலையில் பல் விளக்கும்போதே பயம் பிடித்துக்கொண்டது. இப்போது இரண்டே முக்கால். மூன்று மணிக்கு மேடையில் கூப்பிடுவார்கள். அதற்குள் எதை முதலில் சொல்வது, எதைக் கடைசியில் சொல்வது, எதைச் சொல்லவே கூடாது என்று பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரித்து வைத்தால் நிற்கிறதா? எவ்வளவு பிழிந்து போட்டாலும் ஈரத்துணியின் நுனி சொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளைப் பிடித்து மைக் முன்னால் உட்காரவைத்து இந்தக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல் என்றால் அவள் எங்கே போவாள்? மேகலா மேடம் நல்லவர்தான். நாடகத் துறையின் தலைவர், பல்கலைக்கழகத்தில் பெரிய ஆள், ஆனால் துடைப்பத்தோடு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டு ஒரு சிரிப்பும் சிரித்துவிட்டுப் போகிறவர். "ரூபாம்மா, படிச்சவங்க மாதிரி பேசணும்னு நினைக்காதீங்க. உங்க ஊர்ப் பேச்சிலயே சொல்லுங்க. இந்த அரங்கத்துக்கு இது இருபதாவது வருஷம். இது கோயிலா இருந்தப்ப இதுக்குள்ள ஓடி விளையாடினவங்க எங்களுக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான்" என்று தோளில் கை வைத்தார். வைத்த கையை எடுக்காமலே, "அந்த மணிக் கதையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அதுதான். மற்றதெல்லாம் அவள் சொல்லிவிடுவாள். மற்றதெல்லாம் கல்லும் சுண்ணாம்பும்.

கல்லும் சுண்ணாம்பும் என்றால், ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார், ஊர்ப் பேச்சில் ஐயர், கட்டினது, அதிலிருந்து ஆரம்பிக்கலாம். மலையடிவாரத்திலிருந்து மாட்டு வண்டியில் கல் வந்தது. கூரை போடுவதற்கு முன்னாலேயே அவர் காய்ச்சலில் போய்விட்டார். எந்த வருஷம் என்று கேட்டால்? வாசலில் ஒரு கல்லில் வெட்டியிருந்தது, சின்ன வயதில் விரலால் தடவிப் பார்த்திருக்கிறாள். இப்போது அந்தக் கல்மேல் சுவிட்ச் பெட்டி அடித்திருக்கிறார்கள், ஒன்றும் எட்டும் மட்டும் வெளியே தெரிகிறது, மிச்ச இரண்டு எண்ணும் பெட்டிக்குப் பின்னால். தெரியாது என்று சொல்லிவிடலாம். தெரியாது என்று சொல்வதில் தப்பில்லை. பீடம் இருந்த இடம் மேடையானது. பெஞ்சுகளைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், சிவப்பு நாற்காலிகள் வந்தன. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கல்தொட்டி முன்கூடத்தில் இருக்கிறது, அதில் மண் நிரப்பி மணிப்பிளான்ட் வைத்திருக்கிறார்கள், ஒன்றுவிட்டு ஒருநாள் அவள்தான் தண்ணீர் ஊற்றுகிறாள். கோயிலை ஒப்படைக்கிற அன்றைக்குப் பேராயர் வந்து ஒரு தாளை வாசித்தார், இனிமேல் இது ஆராதிக்கிற இடமில்லை, வெறும் கட்டடம் என்று. பன்னிரண்டு பேர் நின்றார்கள், ஒருவரும் அழவில்லை, வெயில் அப்படி. அவளும் அழவில்லை. ஒரு தாளை வாசித்தால் போய்விடுமா என்று மட்டும் நினைத்தாள். இப்போது அவள் உட்கார்ந்திருக்கிற இந்த அறையில்தான் ஐயர் அங்கி மாற்றுவார். இன்றைக்கு ஆட்டக்காரர்களும் பாட்டுக்காரர்களும் மாற்றுகிறார்கள், கண்ணாடியைச் சுற்றிலும் பல்பு. மாற்றுகிற அறை மாற்றுகிற அறையாகவே இருக்கிறது. கண்ணாடிக்கு எதிரே அந்த ஜன்னல். நாலு கம்பி இருந்தது, ஏசி மாட்டுவதற்காக மூன்றை அறுத்துவிட்டார்கள். இரண்டாவது கம்பி அப்போதே ஆடும். அது ஆடும் என்று அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது. அவள் வைத்த வாளிதான். சொட்டை எண்ணக்கூடாது. எண்ண ஆரம்பித்தால் அது எங்கே போய் நிற்கும் என்று தெரியும்.

"ஏட்டி ரூபா, ஒரு கன்னத்துலதான் பவுடர் ஒட்டியிருக்கு. மத்தக் கன்னம் யாருக்கு?" கதவைத் தள்ளிக்கொண்டு இசக்கியம்மா தலையை நீட்டினாள். கூடவே துடைக்கிறவள். மேடைப் பக்கம் அவள், நாற்காலிப் பக்கம் ரூபவதி என்று பதினோரு வருஷமாகப் பங்கு. "டிவியில வந்தபெறவு எங்களத் தெரியாதுன்னு சொல்லிராத." "ஏட்டி, போ அங்கிட்டு." "நெசமாத்தான். நூறு பேருக்கு மேல வந்தாச்சு. முன் வரிசையில ஒரு வயசான அம்மா இருக்காவ, மும்பையில இருந்து இதுக்குன்னே வந்திருக்காவளாம். செத்துப்போன சாமிதாஸுக்குக் கூடப்பொறந்தவ." இசக்கியம்மா வேறு ஊர்க்காரி, அவளுக்கு அந்தப் பெயர் ஒரு பெயர். ரூபவதிக்கு அப்படியில்லை. கனகபாய். கனகபாய் அக்கா. கல்யாணமாகிப் போன பிறகு ஊருக்குள் அவள் வந்ததாகவே கேள்விப்பட்டதில்லை. "தண்ணி வேணுமாட்டி?" "வேண்டாம்." இசக்கியம்மா போய்விட்டாள். ரூபவதி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளையிலிருந்து வந்த பழக்கம், உட்கார்ந்தால் உள்ளங்கை கீழே.

அசனத்தில் ஆரம்பித்தது. அதைச் சொல்லலாமா? சொல்லலாம், அது ஊருக்கே தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை சபையார் எல்லோரும் ஒரே பந்தியாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்துதான் அசனம். அடுப்பை யார் பக்கம் வெட்டுவது என்று கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் பேச்சு வந்தது. ஒன்றாகச் சாப்பிடுவதற்கு வெட்டுகிற அடுப்புக்கு. பேச்சு தடித்துத் தடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழத்தெருக்காரர்கள் கோயில் கதவில் ஒரு பூட்டுப் போட்டார்கள், அன்றைக்குச் சாயங்காலமே மேலத்தெருக்காரர்கள் அதன்மேல் இன்னொரு பூட்டுப் போட்டார்கள். இரண்டு சாவியும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். எட்டு மாதம் சேரவில்லை. அப்பா வேதக்கண் கோயில்பிள்ளை. மணி அடிக்க, விளக்கேற்ற, பெருக்க, குழி வெட்ட எல்லாம் அவர்தான். எட்டு மாதம் வாசற்படியை மட்டும் பெருக்கினார். பூட்டின கதவுக்கு முன்னால் படி சுத்தமாக இருந்து என்ன என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கார்த்திகை மாதம், மழை நின்ற ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு அம்மா போய்விட்டாள். முப்பத்துநாலு வயது. கல்லுக்கோயிலில் யார் செத்தாலும் மணி உண்டு. வயதுக்கு ஓர் அடி. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் 'கர்த்தாவே, எங்கள்மேல் இரங்கும்' என்று மூன்று தடவை மெதுவாகச் சொல்ல வேண்டும், அவசரப்பட்டால் கல்யாண மணி ஆகிவிடும் என்று அப்பா சொல்வார். ஊரில் அடுப்படியில் நிற்கிறவள்கூட விரலை மடக்கி எண்ணி, அறுபதைத் தாண்டினால் கிழவர் யாரோ, இருபதுக்குள் நின்றால் ஐயோ யார் பிள்ளையோ என்று சொல்லிவிடுவாள். நாற்பது வருஷமாக ஊரார் சாவுக்கெல்லாம் அடித்த குடும்பம். அம்மாவுக்கு மணி இல்லை. அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழத்தெருப் பெரியவரிடம் போனார். "அண்ணாச்சி, ஒரு பத்து நிமிசம். அடிச்சுட்டு அடைச்சிருதேன்." "நான் மாட்டேன்னா சொல்லுதேன் வேதக்கண்ணு? மேலத்தெருக்காரன் மொதல்ல அவன் பூட்டத் தெறக்கட்டும்." மேலத்தெருவுக்குப் போனார். "கீழத்தெருக்காரன் தெறந்துட்டானா? பெறவு என்ன இங்க வந்து நிக்க?" மறுபடி கீழத்தெரு. அவள் ஒரு தடவை கூடப் போனாள், இரண்டாவது தடவை போகவில்லை. அப்பா கையைக் கூப்பினபடி நடுத்தெருவில் நிற்பதைப் பார்த்தாள். கூப்பின கை சாமிக்கா பெரியவருக்கா என்று தெரியாத மாதிரி நின்றார்.

இங்கேதான் நிறுத்த வேண்டும். இதற்கப்புறம் ஊர்க்கதை. ஊர்க்கதை என்ன? வேதக்கண் நடுத்தெருவில் எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிற்கிறபோதே கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. கதவில் இரண்டு பூட்டும் பூட்டினபடி. கோயில்பிள்ளை பெஞ்சாதி புண்ணியவதி, அவளுக்கு மனுஷன் அடிக்கவில்லை, மணி தானாக அடித்தது. விழாவுக்கு அச்சடித்த தாளிலும் அப்படித்தான் போட்டிருக்கிறது, இசக்கியம்மா எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டினாள். அதை அப்படியே சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் வாய் இந்த இடத்துக்கு வரும்போது ஜன்னல் வந்துவிடுகிறது. இரண்டாவது கம்பியை விலக்கி முதலில் தலை, பிறகு ஒரு தோள், பாவாடை கிழிந்த சத்தம். உள்ளே வௌவால் நாற்றம். எட்டு மாதத் தூசியில் அவள் கால் தடம். மணிக் கயிறு அவ்வளவு கனம் என்று தெரியாது. பெண்பிள்ளைகள் கயிறு தொடக்கூடாது, தொட்டதில்லை. பதின்மூன்று வயது, ஈர்க்குச்சி மாதிரி உடம்பு. தொங்கி இழுத்ததும் மணி ஒரு தடவை சொன்னது, சொன்ன வேகத்தில் கயிறு மேலே போனது, அவளையும் தூக்கிக்கொண்டு போனது, கால் தரையை விட்டது, தேங்காய்நார் உள்ளங்கை இரண்டையும் உரித்துக்கொண்டு ஓடியது. ஒன்று. கர்த்தாவே எங்கள்மேல் இரங்கும். கர்த்தாவே எங்கள்மேல் இரங்கும். கர்த்தாவே. இரண்டு. அம்மா கேட்பாள் என்று இருந்தது. வீட்டில் வாயைக் கட்டி, பெருவிரல்களைக் கட்டிப் படுக்கவைத்திருக்கிற அம்மா. பத்து. பதினைந்து. கயிறு வழுக்கியது, ரத்தம் என்று அப்புறம்தான் தெரிந்தது. இருபதில் வெளியே ஆட்கள் ஓடி வருகிற சத்தம். மேலத்தெருக்காரன் பூட்டை உடைச்சுட்டான்ல. கீழத்தெருக்காரன் உள்ள போயிட்டான்ல. அவள் காதில் விழுந்தது, அவளுக்குப் புரியவில்லை, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து. நிறுத்தியிருக்கலாம். இருபத்தாறு. அப்போது ஜன்னல் வழியே தலையை நீட்டி, நான்தான், நான்தான் அடித்தேன், அம்மாவுக்கு, என்று ஒரு சத்தம் போட்டிருந்தால். இருபத்தேழு. படிக்கட்டிலிருந்து ஒரு அலறல் வந்தது. மனுஷக் குரல் அப்படி வரும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. கை தானாகக் கயிற்றை விட்டுவிட்டது.

அவ்வளவுதான். இருபத்தேழு. மிச்சம் ஏழு அடி அடிக்கவே இல்லை. தரை துடைக்கும்போதும் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கும்போதும் எண்ணிக்கொண்டே வருவாள், இருபத்தேழு வந்ததும் மறுபடி ஒன்று. அலறினவர் சாமிதாஸ், மேலத்தெருக்காரர். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், சோற்றுக் கையோடு ஓடி வந்தவர், கையில் ஒன்றுமில்லை. படியில் அவரை வெட்டின கீழத்தெருக்காரன் ஜெயிலுக்குப் போய் அங்கேயே செத்தான். அந்தப் படியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினது அப்பாதான், அம்மாவை அடக்கம் பண்ணின கையோடு. அதற்கு முன்னால், கூட்டம் சிதறின நேரத்தில் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவளை வெளியே இழுத்தவரும் அவர்தான். ஒரு வார்த்தை திட்டவில்லை. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். தேங்காயெண்ணெய் தடவி, துணி சுற்றி, "அடுப்புல சுட்டுக்கிட்டேன்னு சொல்லு" என்றார். பிறகு, "நீ அடிக்கல. மணி தானா அடிச்சது. சொல்லு" என்றார். சொன்னாள். "இன்னொருக்கச் சொல்லு." சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கையை நீட்டச் சொல்வார்கள் என்று அதற்கப்புறம் அனுப்பவில்லை. போலீஸ் வந்து இரண்டு பூட்டையும் ஆட்டிப் பார்த்தது, பெரிய கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது, கம்பியை யாரும் ஆட்டிப் பார்க்கவில்லை. கோயில் அதோடு சரி. கேஸ், கோர்ட், சீல். கீழத்தெரு தனியாக ஒரு கோயில் கட்டிக்கொண்டது, மேலத்தெரு தனியாக ஒன்று, கல்லுக்கோயிலுக்குள் வௌவால். இருபது வருஷம் கழித்துப் பல்கலைக்கழகம் கேட்டபோது கொடுக்காதே என்று சொல்ல ஆளில்லை. அப்படியானால் இந்த அரங்கத்தைக் கொண்டுவந்தது யார்? வெள்ளைக்கார ஐயரா, பேராயரா, பல்கலைக்கழகமா? இதைச் சொல்ல முடியுமா மைக்கில்? மணியை இறக்க முடியாமல் அங்கேயே விட்டுவிட்டார்கள், அதன் நாக்கைச் சாக்கால் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள், நிகழ்ச்சி நடக்கும்போது காற்றில் ஆடக்கூடாதாம். சாமிதாஸின் கல்லறைப் பக்கம் அவள் ஒருநாளும் போனதில்லை. அம்மாவைப் பார்க்கப் போனால்கூடச் சுற்றி வேறு வழியாகத்தான்.

"ரூபாம்மா, வாங்க." மேகலா மேடம். எழுந்தாள், முழங்கால் சத்தம் போட்டது. மேடையில் இரண்டு நாற்காலி, ஒரு சின்ன மேஜை, தண்ணீர்ப் பாட்டில். விளக்கு வெளிச்சத்தில் ஆட்கள் தெரியவில்லை, முன் வரிசை மட்டும் தெரிந்தது, நடுவில் வெள்ளைச் சேலை. அவள் பேச ஆரம்பித்தாள். குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்து அவள் காதிலேயே விழுந்தது. இந்தக் கல்லின் குணம் அப்படி, பீடத்தில் முணுமுணுத்தாலும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும், அதனால்தான் பாட்டுக்காரர்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். மாட்டு வண்டி, காய்ச்சல், ஒன்று எட்டு சுவிட்ச் பெட்டி. சிரித்தார்கள். கல்தொட்டி, மணிப்பிளான்ட். அதற்கும் சிரித்தார்கள். அசனம், பூட்டு. அம்மா. அப்பா நடுத்தெருவில். "அப்பம் மணி அடிச்சது. தானா." சொல்லியாயிற்று. தப்பில்லாமல் சொல்லியாயிற்று. இறங்கிவிடலாம் என்று நாற்காலிக் கையைப் பிடித்தபோது வெள்ளைச் சேலை எழுந்தது. "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்றது. யாரோ மைக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். "நான் சாமிதாஸுக்குத் தங்கச்சி, கனகபாய். ஊர்ல எல்லாரும் அந்த மணி கோயில்பிள்ளை பெஞ்சாதிக்கு அடிச்சதுன்னு சொல்லுதாவ. கோவிச்சுக்கிடாத ரூபவதி. ஒங்கம்மாவுக்கு வயசு முப்பத்துநாலுல்லா? எங்கம்மா அன்னைக்கு முத்தத்துல முருங்கைக்கீரை உருவிக்கிட்டு இருந்தா. சாவு மணின்னு தெரிஞ்சதும் எண்ணுனா. நானும் எண்ணுனேன். இருபத்தேழு. அதோட நின்னுபோச்சு. அண்ணன் அலறுனதும் மணி நின்னதும் ஒண்ணு. அண்ணனுக்கு அன்னைக்கு இருபத்தேழு வயசு." கனகபாய் மூச்சு விட்டாள். மூச்சும் மைக்கில் கேட்டது. "அவன மனுசன் கூப்பிடல, ஆண்டவர் வயசச் சொல்லிக் கூப்பிட்டாருன்னு எங்கம்மா அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் சாவுற வரைக்கும் கெடந்தா. யாருகிட்டயும் சொல்லாதன்னா. எனக்கும் வயசாச்சு. இங்க வச்சுச் சொல்லணும்னு வந்தேன்."

இருபத்தேழா? சாமிதாஸுக்கா? நாற்பது வருஷம் ரூபவதி மட்டும் வைத்திருந்த எண்ணை, அவள் கை விட்டு நின்ற எண்ணை, இன்னொரு வீட்டில் இன்னொரு அம்மா தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருக்கிறாள். மேகலா மேடம் முன்னால் குனிந்தார். குரலில் பாடம் நடத்துகிற ஆவல். "ரொம்ப நெகிழ்ச்சியா இருக்கும்மா. ஆனா ரூபாம்மா, எனக்கு ஒரு சந்தேகம். முப்பத்துநாலு அடிக்க வேண்டியது இருபத்தேழுல நின்னிருக்கு. ஒருவேளை யாரோ உள்ள போய் அடிச்சிட்டு, சத்தம் கேட்டுப் பயந்து பாதியில நிறுத்திட்டாங்களோ?" கனகபாயின் முகம் மேடையைப் பார்த்தபடி நின்றது. அந்த முகத்தில் கேள்வி இல்லை, அதைவிட மோசம், ஒரு கெஞ்சல் இருந்தது. அப்படி இருந்துவிடக்கூடாதே என்கிற கெஞ்சல். இப்போது சொல்லலாம். நான்தான். அம்மாவுக்கு. இன்னும் ஏழு இருந்தது. சொன்னால் அம்மாவுக்கு மணி திரும்பக் கிடைக்கும், ஒரு பிள்ளை ரத்தக் கையோடு அடித்த மணி. சொன்னால் அந்த வெள்ளைச் சேலை இங்கேயே சரிந்துவிடும், விழாவிட்டால் இந்த மேடையேறி வந்து அவள் தலைமுடியைப் பிடிக்கும், பிடித்தாலும் நியாயம். எவளோ ஒரு சிறுக்கி அடித்த மணிக்கு என் அண்ணன் செத்தானா என்று கேட்கும். அப்பா நடுத்தெருவில் கைகூப்பி நின்றார். சொல்லு என்றார். இன்னொருக்கச் சொல்லு.

"இல்ல மேடம்" என்றாள் ரூபவதி. குரல் சுவருக்குப் போய்த் திரும்பி வந்தது. "கோயிலுக்குள்ள ஒரு ஈ எறும்பு போக முடியாது. நானும் அன்னைக்கு வீட்டுல அம்மா பக்கத்துல இருந்து எண்ணுனேன். இருபத்தேழுதான். எங்கம்மாவுக்கு அந்த மணி அடிக்கல. இந்த அக்கா சொல்லுதது சரி. அது அவிய அண்ணனுக்கு அடிச்சது." கைதட்டினார்கள். கல்சுவர் அதை இரண்டு மடங்காக்கியது. கனகபாய் ஒவ்வொரு படியாகப் பிடித்துப் பிடித்து மேடையேறி வந்து, ரூபவதியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கண்ணீர் சுட்டது. ரூபவதி கையை இழுத்துக்கொள்ளவில்லை. விரல்களை மட்டும் மெல்ல உள்ளே மடக்கி, தழும்பை மூடிக்கொண்டாள்.